இடது இறக்கையின் நுனியில்

இங்கிலாந்துக்குப் போய்வந்தவர்கள் அரண்மனையைப் பார்த்தேன், பெரிய மணிக்கூண்டைப் பார்த்தேன் என்று சொல்வார்கள். நான் இரண்டையும் பார்க்கவில்லை. பார்க்காதது குறையாகவும் தோன்றவில்லை. நான் போனது ஓர் ஏரோப்ளேனைப் பார்க்க. அதிலும் அதன் இடது இறக்கையின் நுனியைப் பார்க்க.

என் மகள் தமிழ்ச்செல்வி அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். பல வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். குளிர் ஒத்துக்காது, குறுவைக்கு நாற்று விட்டிருக்கிறேன், தண்ணீர் இன்னும் கடைமடைக்கு வரவில்லை என்று ஒவ்வொரு தடவையும் ஒன்றைச் சொல்லித் தட்டிக்கழித்தேன். போன வருஷம் ஃபோனில், "எம்மா, இங்க ஒரு மியூசியத்துல அப்பா வேல பாத்த ப்ளேன் நிக்கிதாம்" என்றாள்.

"அதேவா?"

"அதே ரகம். கான்பெரா. படம் புடிக்கிறது."

மறுநாளே பாஸ்போர்ட்டுக்கு எழுதிக்கொடுக்கத் தஞ்சாவூர் பஸ் ஏறிவிட்டேன்.

அவள் அப்பா பெயர் வீரையன். திருவையாற்றுக்குக் கிழக்கே குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். எங்கள் தெருவில் பத்தாவது முடித்த முதல் ஆள் அவர்தான். பண்ணை வேலைக்கு வரச் சொல்லி மிராசுதார் வீட்டிலிருந்து ஆள் வந்தபோது, ரயிலேறிப் போய் விமானப்படையில் சேர்ந்துவிட்டார். ஊரில் அவருக்குப் பேர் பட்டாளத்தான். வடக்கே ஒரு தளத்தில், ரொம்ப உயரத்தில் போய்ப் படம் பிடித்து வரும் ப்ளேன்களுக்குக் காமிராவில் ஃபிலிம் மாட்டுவதும் கழற்றுவதும் அவர் வேலை. ஒருநாளும் அதில் ஏறிப் பறந்ததில்லை. கல்யாணமாகி மூன்றாவது வருஷம் மஞ்சள் காமாலையில் அங்கேயே போய்விட்டார். செல்வி அப்போது என் வயிற்றில் இருந்தாள்.

கடைசி லீவில் வந்தபோது அந்த ப்ளேனைச் சாணி மெழுகிய தரையில் சாக்கட்டியால் வரைந்து காட்டினார். வரைந்து முடித்து, நான் புடைத்துக்கொண்டிருந்த முறத்திலிருந்து ஒரு நெல்லை எடுத்து இடது இறக்கையின் நுனிக்கு வெளியே வைத்தார். நிமிர்த்தி வைக்கவில்லை, படுக்க வைத்தார். மூக்கு வெளிப்பக்கம் பார்த்து.

"இது என்னங்க?" என்றேன்.

"அதுதான் முக்கியமான சாமான். அது இல்லாட்டி இந்த ப்ளேனுக்கு அர்த்தமே இல்ல" என்று சொல்லிச் சிரித்தார். அதற்கு மேல் சொல்லவில்லை. அவர் வேலையில் நிறைய விஷயம் சொல்லக் கூடாதது. துருவிக் கேட்பது என் குணமும் இல்லை. அவர் சாமான் அவரோடு போய்விட்டது. அது என்ன என்று ஒருதரமாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பயணம்.

எந்த ஊரில் ப்ளேன் மாறினேன், என்ன டிக்கெட் என்பதெல்லாம் உங்களுக்கு வேண்டாம். ஜன்னல் சீட்டு கிடைத்தது. பக்கத்தில் கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒருவர். எனக்கு வந்த சோற்றைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதச் சோறுன்னு நெனச்சா எறங்காது. மருந்துன்னு நெனச்சு முழுங்கிடுங்க" என்றார். அப்படியே செய்தேன்.

முன்னால் இருந்த சின்ன டிவியில் ப்ளேன் எவ்வளவு உயரத்தில் போகிறது என்று ஓடிக்கொண்டிருந்தது. அவரிடம் படிக்கச் சொன்னேன். முப்பத்தெட்டாயிரம் அடி என்றார்.

"இதுக்கு மேலயும் போறது உண்டா?"

"பட்டாளத்து ப்ளேன்லாம் போவும். நமக்கு எதுக்கும்மா அது? ஜன்னல மூடுங்க, எல்லாரும் தூங்குறாங்க."

நான் மூடவில்லை. கீழே பார்த்தேன். மேகம் விலகின இடத்தில் ஒரு பட்டணம் தெரிந்தது, களத்தில் சிந்தின உமி மாதிரி. ரோடு நூல் மாதிரி. மனுஷன் என்று ஒருத்தன் அங்கே இருக்கிறானா என்றே சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் அவருடைய ப்ளேன் இதைவிட உயரத்தில் போகும் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது. இந்த உயரத்திலிருந்து என்னத்தைத் தெரிந்திருக்கும் என்று ஜன்னலை நானே மூடினேன்.

ஏன் மனசு விட்டது என்றால் அதற்கு ஒரு களத்துக் கதை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

செல்வி வீடு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாசலில் நின்றால் ஒரு வாசனையும் இல்லை. சேறு வாசனை, வைக்கோல் வாசனை, பக்கத்து வீட்டுக் குழம்பு வாசனை, ஒன்றும் கிடையாது. அடுப்பில் தீ இல்லை. ஒரு கண்ணாடிப் பலகை, அது சிவக்கிறது, அவ்வளவுதான். கருவாடு கொண்டுவர விடமாட்டாள் என்று தெரியும். புளிக்காய்ச்சல் மட்டும் பாட்டிலில் கொண்டுபோயிருந்தேன். மூடியைத் திறந்ததும் அவள் அங்கேயே நின்று விரலால் எடுத்து நக்கினாள். ஐம்பது வயசு தாண்டியவள்.

மறுநாள் அரிசி வாங்க ஒரு கடைக்குப் போனோம். கடைக்கார அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். தமிழைக் கேட்டதும் எனக்கு ஒரு நாற்காலியைப் போட்டார். அவர் தமிழ் வேறு தாளத்தில் இருந்தது. எதற்கு வந்தீர்கள் என்று கேட்டதற்கு, படம் பிடிக்கிற ப்ளேனைப் பார்க்க வந்தேன், என் வீட்டுக்காரர் அதில்தான் வேலை பார்த்தார் என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் அரிசி அளந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். "எங்கட பக்கம் அதை வண்டு எண்டு சொல்லுவம் அம்மா. ஆளில்லாமல் பறக்கிற சின்னன். உயரத்தில நிண்டு இரைஞ்சுகொண்டே படம் எடுக்கும். வண்டு சுத்தினா, பிறகு குண்டு வரும் எண்டு தெரியும். பிள்ளைகளைப் பங்கருக்குள்ள இறக்கிப்போடுவம்."

அவர் அரிசியோடு ஒரு கட்டு முருங்கைக்கீரையையும் சேர்த்து வைத்தார். "கொண்டு போங்கோ. உங்கட மனுசன் உங்களுக்கு நல்ல மனுசன்தானே" என்றார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அது என் காதிலேயே இருந்தது. நான் வானத்தைப் பார்த்து ஏங்கின காலத்தை நினைத்தேன். அதே வானத்துக்குப் பயந்து ஒளிந்தவர்களும் இருக்கிறார்கள்.

அதற்கு அடுத்த நாள் மியூசியத்துக்குக் கிளம்பினோம். செல்வி ஒருநாள் லீவு போட்டிருந்தாள். ஸ்டேஷனில் போய் நின்றால் ரயில் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, தண்டவாளத்தில் இலை விழுந்திருக்கிறதாம்.

"மரமா விழுந்துச்சு?"

"இல்லம்மா, எலதான். சக்கரம் வழுக்குமாம்."

"நம்ம ஊர்ல மாடு குறுக்க வந்தாலே தள்ளிட்டுப் போறான். இவங்க எப்படி ஒலகத்த ஆண்டாங்க?"

செல்வி என் வாயை மூடச் சொல்லிக் கையைப் பிடித்து அழுத்தினாள். ரயிலுக்குப் பதில் ஒரு பஸ் விட்டார்கள். அது ஊர் ஊராகச் சுற்றியது. இரண்டு பக்கமும் அறுத்த கோதுமை வயல், கண்ணுக்கெட்டிய மட்டும். வரப்பே இல்லை. வயலில் ஆளும் இல்லை. இவ்வளவு நிலத்தில் ஒரு மனுஷத் தலை இல்லாமல் எப்படி விளைகிறது என்று பார்த்துக்கொண்டே போனேன். எங்கள் பக்கம் ஒரு மா நிலத்துக்கு எத்தனை பேர் குனிந்து, எத்தனை பேர் சண்டை போட்டு, எத்தனை பேர் ஜெயிலுக்குப் போயிருக்கிறார்கள்.

பஸ் ஒரு முச்சந்தியில் இறக்கிவிட்டது. கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை ஒரு கல் பெஞ்சியில் உட்கார்ந்து தின்றோம். சில்லிட்டுப்போய்க் கட்டியாக இருந்தது. அங்கிருந்து நடந்து போய்ச் சேர்வதற்குள் கேட்டைச் சாத்திவிட்டார்கள். காவலுக்கு நின்ற ஆள் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினான். மரியாதையாகப் பேசிக்கொண்டே உள்ளே விடவில்லை. கம்பி வேலி வழியாகப் பார்த்தால் தூரத்தில் பெரிய பெரிய கொட்டகைகள்.

"நாளைக்கு எனக்கு டூட்டிம்மா" என்றாள் செல்வி.

நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். போனை எடுத்து யாரிடமோ இங்கிலீஷில் கெஞ்சினாள். பிறகு, "மாத்திக்கிட்டேன். தீபாவளிக்கு நான் வேல பாக்கணும்" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு அந்தக் களத்துக் கதையைச் சொன்னேன். அதுவரை அவளிடம் முழுசாகச் சொன்னதில்லை. உங்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் முதல் தடவை லீவில் வந்தபோதே அந்த ப்ளேனை ஒருதரம் வரைந்து காட்டிச் சொன்னார்: "மேலேர்ந்து எடுத்த படத்துல ஆறு தெரியும். வாய்க்கா தெரியும், எல நரம்பு கணக்கா. பெரிய கோயில் கோபுரத்தவிட அதோட நெழலு நல்லா தெரியும். நம்ம தெரு மட்டும் தெரியாது. எல்லாத் தெருவும் கூரதான், எல்லாத்துலயும் தென்னதான். எது நம்மளுதுன்னு நான் எப்படிக் கண்டுபுடிக்கிறது?" லீவு முடிந்து திரும்பும்போது, மாசியில் வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும், அப்போது படம் பிடித்துப் பழகுவதற்காக ப்ளேன்காரர்கள் தெற்கே வந்தாலும் வருவார்கள் என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்த வருஷங்கள் தெரிந்தவர்களுக்குத் தெரியும். சென்னையில் ஆட்சி மாறி, நம்ம ஆட்சி என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வயலில் இன்னும் மிராசுதார் ஆட்சிதான். அறுப்புக் கூலியைக் கூட்டிக் கொடு என்று நாங்கள் அரிவாளைக் கீழே வைத்தால், வெளியூர் ஆளை லாரியில் இறக்குவார்கள். போலீஸ் வரும். வேப்பமரத்தில் ஒரு துணி பறந்தால்கூட அது கொடியா என்று வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

அந்த மாசியில் ஒரு மாதிரி சமாதானம் ஆகி, பண்ணைக் களத்தில் நாங்கள் பெண்கள் புழுங்கல் நெல் காயவைத்துக்கொண்டிருந்தோம். நெல்லைப் பரப்பிவிட்டுப் பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடந்தால் நெல் வரப்பு வரப்பாக ஒதுங்கும். வெயில் எல்லாப் பக்கமும் ஏறும். எல்லாரும் நேர்கோட்டில்தான் நடப்பார்கள். நான் அவர் வரைந்து காட்டின ப்ளேனை நடந்தேன். வடக்கே மூக்கு, தெற்கே வால், களத்தின் கிழக்கு ஓரத்திலிருந்து மேற்கு ஓரம்வரை இரண்டு இறக்கை. நெல் வெளுப்பு, ஒதுங்கின இடத்தில் தரை கறுப்பு.

கூட வேலை பார்த்த ராக்கம்மா, "என்னடி இது?" என்றாள்.

"எம் புருஷன்."

"உம் புருஷனுக்கு இம்மாம் பெரிய கையா? அதான் நீ மயங்கிப்போன."

நெல்லுக்குக் காக்காய் மேற்கே மூங்கில் கொல்லையிலிருந்துதான் வரும். அதனால் நான் ஒரு கோலை வைத்துக்கொண்டு மேற்குப் பக்கம், இறக்கை முடிகிற இடத்துக்கு அப்பால் வெறுந்தரையில் நின்றேன். நெல் காயப் போட்ட நாளெல்லாம் காலையில் போய் ப்ளேனை நடப்பேன், அங்கே போய் நிற்பேன். முதலில் அண்ணாந்து அண்ணாந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை, ஒரு சத்தமும் இல்லை. நான் வானத்தைப் பார்க்கிற நேரத்தில் காக்காய் நெல்லைத் தின்றது. மற்றவர்கள் வைதார்கள். அப்புறம் மேலே பார்ப்பதை விட்டுவிட்டேன்.

கடைசியில் ஒருநாள் மத்தியானம் மிராசுதாரின் காரியக்காரர் வைக்கோல் போரின் மேல் ஏறினவர், அங்கிருந்து பார்த்துவிட்டார். தரையில் நிற்கிறவனுக்கு அது வெறும் கோடு. உயரத்தில் நின்றால்தான் உரு தெரியும்.

"ஏ புள்ள, இங்க வா. கதிர் அரிவான்னா எனக்குத் தெரியும். உதயசூரியன்னா தெரியும். இது எந்தக் கட்சி?"

"இது ஆகாசக் கட்சிங்க" என்றேன்.

அவருக்கு அது நக்கலாகத் தெரியவில்லை. புதுக்கட்சி ஒன்று களத்துக்குள்ளேயே வந்துவிட்டது என்று மிராசுதாரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அன்று மத்தியானமே ஆள் வைத்துப் பலகையால் அத்தனையையும் இழுத்து அழித்தார்கள். அடுத்த போகம் முழுக்க எனக்குப் பண்ணையில் வேலை கிடையாது. ஆறு தாண்டிப் போய் நட்டேன்.

அவர் அடுத்து வந்தது சித்திரையில். அதுதான் கடைசி லீவு. களத்தில் நடந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. பார்த்திருந்தால் அவராகச் சொல்லட்டும் என்று இருந்தேன். வேலை போனதைச் சொல்லி இரக்கம் வாங்கவும் எனக்கு இஷ்டமில்லை. அவரும் பார்த்தேன் என்று சொல்லவில்லை. சாக்கட்டியால் வரைந்தார், நெல்லை வைத்தார், சிரித்தார். ஆக, ப்ளேன் அந்தப் பக்கம் வரவே இல்லை, வந்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செல்வி கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல நீ" என்றாள்.

"உங்கப்பா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல" என்றேன்.

மறுநாள் ரயில் ஓடியது. இலையைக் கூட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. காலையிலேயே உள்ளே போய்விட்டோம்.

கொட்டகை என்று சொன்னால் உங்களுக்கு விளங்காது. எங்கள் ஊர் நெல் குடோன் பத்தை உள்ளே வைக்கலாம். நுழைந்ததும் கறுப்பாக ஒரு ப்ளேன். இறக்கை அத்தனை நீளம். உடம்பு ஒல்லியாக. அமெரிக்காக்காரனுடையது, யூ-டூ என்று பேர். அதற்குச் சக்கரம் சைக்கிள் மாதிரி முன்னால் ஒன்று பின்னால் ஒன்று. கிளம்பும்போது இறக்கைக்கு அடியில் முட்டுக்கொடுத்த குட்டிச் சக்கரம் கழன்று விழுந்துவிடுமாம். இறங்கும்போது பின்னாலேயே ஒரு கார் துரத்திக்கொண்டு வந்து, இன்னும் இத்தனை அடி, இத்தனை அடி என்று ஓட்டுகிறவனுக்குச் சொல்லுமாம். நின்றதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறக்கையைத் தரையில் ஊன்றிக்கொள்ளுமாம். நடவு நட்டு அலுத்தவள் வரப்பில் கையை ஊன்றி உட்காருவது போல. அதை ஓட்டுகிறவனுக்குச் சாப்பாடு பற்பசை மாதிரி குழாயில். பிதுக்கி உறிஞ்ச வேண்டும். பாத்திரக்கடைக்காரர் சொன்ன மருந்து இதுதான் போலிருக்கிறது.

இன்னொன்றும் கறுப்பு, அதைவிட வேகமாம். தரையில் நிற்கும்போது அதன் எண்ணெய் சொட்டுச் சொட்டாக ஒழுகும், மேலே போய்ச் சூடேறினால் உடம்பு விரிந்து இடுக்கெல்லாம் தானே அடைத்துக்கொள்ளும் என்றார்கள். நாங்கள் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் மரத்தொட்டியும் அப்படித்தான். காய்ந்து கிடந்தால் ஒழுகும், ஊறினால் அடைத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தவர் மார்ட்டின் என்று ஒரு பெரியவர். என் வயசுதான் இருக்கும். காதில் மிஷின் வைத்திருந்தார். அந்தக் காலத்தில் அவர்கள் படையில் இதே கான்பெராவுக்கு மெக்கானிக்காக இருந்தவர். இப்போது சம்பளம் வாங்காமல், பார்க்க வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்கிறார். அவர் இங்கிலீஷில் சொல்வதைச் செல்வி தமிழில் சொன்னாள். என் வீட்டுக்காரர் இந்தியாவில் இதற்கு ஃபிலிம் மாட்டினவர் என்று செல்வி சொன்னதும், அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடைசிக் கொட்டகையில் அது நின்றது.

நான் நினைத்திருந்ததைவிடப் பெரிசு. சாம்பல் நிறம். அகலமான இறக்கை, ஒவ்வொன்றிலும் ஒரு பீப்பாய் எஞ்சின். அவர் சாக்கட்டியில் போட்ட அதே உரு. யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் கிட்டப் போகாமல் நின்றேன்.

"முதல்ல இத குண்டு போடத்தான் செஞ்சாங்களாம்மா" என்றாள் செல்வி. "அப்பறம் குண்ட எடுத்துட்டு காமிராவும் எண்ணெயும் வெச்சாங்களாம். துப்பாக்கி கெடையாது. யாராவது தொரத்துனா மேல போயிட வேண்டியதுதானாம். ஒசரந்தான் இதுக்கு வேலின்னு சொல்றாரு."

மேலே காற்று நீர்த்துப்போயிருக்குமாம். அதைப் பிடித்து நிற்கத்தான் இவ்வளவு அகல இறக்கை. சேற்றில் நடக்கிறவன் பாதத்தை அகல வைக்கிறானே, அதுபோல. மூக்கில் ஒரு கண்ணாடி. அதற்குள் ஒருவன் குப்புறப் படுத்து வழி பார்ப்பானாம். எஞ்சினைக் கிளப்ப ஒரு பெரிய வேட்டு வெடிப்பார்களாம். கரும்புகை அள்ளிக்கொண்டு வருமாம், பக்கத்தில் நிற்கிறவன் சட்டையெல்லாம் மருந்து நாற்றமாம். இதைச் செல்வி சொன்னபோது நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். லீவில் வந்து அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்தால், தீபாவளிக்கு மறுநாள் தெரு வாசனை வரும். ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வயிற்றுக்கு அடியில் காமிராவுக்குக் கண்ணாடிக் கதவு. மேலே குளிரில் அது பனி பூத்துவிடாமல் சூடான காற்றை ஊதுவார்களாம். ஃபிலிம் ஒரு சாண் அகலம். மார்ட்டின் ஒரு காலிச் சுருளை என் கையில் கொடுத்தார். கனமாக இருந்தது. என் வீட்டுக்காரர் கை இதைத்தான் பிடித்திருக்கிறது என்று கொஞ்சம் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தேன்.

பிறகுதான் இடது பக்கம் போனேன். இறக்கையின் நுனிக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. வழவழவென்று முடிந்திருந்தது.

"இங்க ஒரு சாமான் இருக்கணுமே. கழட்டிட்டாங்களான்னு கேளு."

செல்வி கேட்டாள். மார்ட்டின் யோசித்தார். தூரம் போவதானால் நுனியில் எண்ணெய்த் தொட்டி மாட்டுவதுண்டு, ஆனால் இரண்டு பக்கமும்தான் என்றார். பிறகு நுனியில் பதிந்திருந்த சின்னச் சிவப்பு விளக்கைக் காட்டினார்.

"அதாம்மா" என்றாள் செல்வி சந்தோஷமாக. "இடது பக்கம் செவப்பு வெளக்கு, வலது பக்கம் பச்ச. அப்பா வெளக்கத்தான் சொல்லியிருக்காரு."

"வெளக்கு றெக்கைக்குள்ள இருக்கு. அவரு வெளிய வெச்சாரு. ஒண்ணுதான் வெச்சாரு. படுக்க வெச்சாரு."

வரைந்து காட்டக் கையில் சாக்கட்டி இல்லை. செல்வி பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். நான் ப்ளேனைப் போட்டு, வடக்கே மூக்கு என்று சொல்லி, இடது நுனிக்கு வெளியே நெல் அளவுக்கு ஒரு கோடு கிழித்தேன். மார்ட்டின் அதை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் சொன்னதைச் செல்வி உடனே தமிழில் சொல்லவில்லை. திரும்ப ஒருமுறை அவரைக் கேட்டாள்.

"என்னடி சொல்றாரு?"

"இது ப்ளேனோட சாமான் இல்லங்குறாரும்மா. படம் பாக்குறவங்க இப்படித்தான் குறிப்பாங்களாம். அவ்வளவு ஒசரத்துலேர்ந்து எடுத்தா ஆள் தெரியாதாம். மேலேர்ந்து பாத்தா மனுஷன் வெறும் தலதான. ஆனா காலையிலயோ சாயங்காலமோ எடுத்தா நெழல் நீளமா விழும். படத்துல தெரியிறது ஆள் இல்ல, நெழலுதான். தரையில படுத்திருக்குற சின்னக் கோடு. அதப் பாத்துத்தான் இங்க ஒருத்தர் நிக்கிறாருன்னு தெரிஞ்சுக்குவாங்களாம்." அவள் நிறுத்தினாள். "நெழல் மேக்க பாத்து இருந்தா, காலையில எடுத்த படமாம்."

நான் அந்தக் காகிதத்தைப் பார்த்தேன்.

களத்தில் ப்ளேன் போட்டதை ஊரே அவரிடம் சொல்லியிருக்கும். ராக்கம்மா ஒருத்தி போதும். ஆனால் நான் எந்தப் பக்கம் நின்றேன், என் நிழல் எந்தப் பக்கம் விழுந்தது என்று யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? எனக்கே அது நினைப்பில் இல்லை. அழித்தது மத்தியானம். அவர்கள் வந்துபோனது காலையில். காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்த என் தலைக்கு மேலே, சத்தமில்லாமல், ஏதோ ஒரு காலையில். வடக்கே இருட்டறையில் கழுவின படத்தில் அவர் முதலில் களத்தைக் கண்டிருப்பார். அப்புறம் என்னை.

முக்கியமான சாமான் என்றாரே.

செல்வி அழுதாள். நான் அழவில்லை. மார்ட்டின் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார். எனக்குக் கடைக்கார அம்மா ஞாபகம் வந்தது. "படம் புடிச்சா பின்னாடி குண்டு வருமான்னு கேளு" என்றேன். செல்வி தயங்கித்தான் கேட்டாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "சில சமயம்" என்றாராம். என் வீட்டுக்காரரும் அதற்கு ஃபிலிம் மாட்டினவர்தான். நான் தலையை ஆட்டினேன். இப்போதெல்லாம் இந்த வேலையை வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள் செய்கிறது, ஓட்ட ஆளும் வேண்டாம், ஃபிலிம் மாட்ட ஆளும் வேண்டாம் என்றார். அப்படியானால் எந்தப் புள்ளி யாருடைய பெண்டாட்டி என்று யார் பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. அதைச் செல்வியிடம் சொல்லவில்லை.

கொட்டகையின் ஓரமாக, கூரையை ஒட்டி, மேலேயிருந்து பார்ப்பதற்காக ஓர் இரும்பு நடைபாலம் போட்டிருந்தார்கள்.

"எம்மா, ப்ளேன் பக்கத்துல நில்லு. ஒரு போட்டோ எடுக்குறேன்."

"இங்கேர்ந்து வேணாம். மேல போய் எடு."

அவள் படியேறிப் போனாள். நான் இடது இறக்கை முடிகிற இடத்துக்கு வெளியே, கொஞ்சம் தள்ளி, வெறுந்தரையில் போய் நின்றேன். சேலையைச் சரிசெய்துகொண்டேன். மார்ட்டின் அவர் ஊன்றுகோலை நீட்டினார், வயசானவள் நிற்க முடியவில்லை என்று நினைத்துவிட்டார். வாங்கிக்கொண்டேன். கையில் ஒரு கோல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

"எம்மா, மேல பாரு" என்று கூப்பிட்டாள்.

நான் பார்க்கவில்லை. மேற்கு எது என்று எனக்கு அங்கே தெரியாது. மேற்கு என்று நானே ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு அங்கே பார்த்தபடி நின்றேன்.

இறங்கிவந்து படத்தைக் காட்டினாள். அகலமான சாம்பல் இறக்கை. அது முடிகிற இடத்துக்கு அப்பால் ஒரு சின்னப் பொட்டு. சேலை நிறம்கூடத் தெரியவில்லை.

"இதுல நீ எங்க இருக்கேன்னே தெரியலம்மா. அழிச்சுட்டு வேற எடுக்குறேன்."

"அழிக்காத" என்றேன். "உங்கப்பா இதவிடச் சின்னதுல கண்டுபுடிச்சாரு."